நமத்த மருந்தும் ஈர விறகும்

ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கும் இடம் ஒன்று, அது வேலை செய்ய வேண்டிய இடம் வேறொன்று. முதல் இடத்தில் கண்டதை வைத்து இரண்டாம் இடத்தில் நடக்கப்போவதைச் சொல்வது அனுமானம். அந்த அனுமானத்துக்கு ஆதாரம் என்ன, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இந்தியத் தர்க்க மரபில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வழக்காடப்பட்டுவரும் கேள்வி. விருதுநகர் மாவட்டத்தில் அது ஏட்டுக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு செய்கிறவர்களும், அந்தப் பட்டாசுக்கு விலைப்பட்டியல் காட்டும் இணையதளங்களைச் செய்து சர்வரில் ஏற்றிக்கொடுப்பவர்களும் ஒரே தீபாவளிக்காகத்தான் வேலை பார்க்கிறார்கள். இரு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே சரியாக இருந்தது அங்கேயும் சரியாக இருக்குமா?

கேள்வி ஒன்றானாலும் சிக்கல் ஒன்றல்ல. வெடித்துச் சோதித்த பட்டாசை விற்க முடியாது. விற்கும் பட்டாசு சோதிக்கப்படாதது. மென்பொருளில் சோதித்த அதே பொருள், ஓர் எழுத்துகூட மாறாமல், களத்துக்குப் போகிறது. ஆனால் களம் சோதனைக்கூடத்தைப் போல ஒருநாளும் இருப்பதில்லை. முதலாவதில் ஐயம் பொருளின் மேல், இரண்டாவதில் இடத்தின் மேல். இந்த இரண்டையும் பிரித்துப் பேச நியாய நூலார் செய்துவைத்த கருவிகள் இன்றைய மென்பொருள் பாடநூல்களில் உள்ளவற்றைவிடக் கூர்மையானவை.

அனுமானத்துக்கு இரண்டு அறிவு வேண்டும் என்பது நியாய மரபு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று ஒருவர் முடிவுகட்டினால், அந்த மலையில் தெரிவது உண்மையில் புகைதான், மூடுபனியோ புழுதியோ அல்ல என்பது முதலில் உறுதிப்பட வேண்டும். ஏதுவாகிய புகை பக்கமாகிய மலையில் இருப்பதாகிய இதற்குப் பக்கதருமதை என்று பெயர். அடுத்து, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பொதுத்தொடர்பு உறுதிப்பட வேண்டும். இது வியாத்தி. அடுக்களை இதற்குத் திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இரண்டில் ஒன்று தவறினாலும் முடிவு நிற்காது. தமிழில் இந்தச் சொற்கள் புதியவை அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர் தத்தம் அளவைகளை (அறிவு பெறும் வழிகளை) எடுத்துச் சொல்கிறார்கள். 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தை மூன்று உறுப்பாக்கி, ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய போலிகளை வரிசையாக எண்ணிக் காட்டுகிறார். காப்பியச் சுவை தேடிப் போகிறவர்கள் புரட்டிவிட்டுப் போகும் அந்தக் காதை, பிழை எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கான பட்டியலாக வாசிக்கத்தக்கது.

வியாத்தியைக் கெடுப்பதற்கு நியாய நூலார் வைத்த பெயர் உபாதி. உதாரணமும் அவர்களே தந்திருக்கிறார்கள். நெருப்பு உள்ள இடத்தில் புகை இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். அடுக்களையில் அப்படித்தான், வேள்விச்சாலையிலும் அப்படித்தான். ஆனால் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அப்படியானால் அடுக்களையில் புகையை வரவழைத்தது நெருப்பு மட்டும் அல்ல, ஈர விறகும் சேர்ந்துதான். புகை உள்ள இடமெல்லாம் ஈர விறகு உண்டு. நெருப்பு உள்ள இடமெல்லாம் ஈர விறகு இல்லை. நிறுவ வந்த சாத்தியத்தோடு (இங்கே புகையோடு) எங்கும் உடன்வந்து, ஏதுவோடு (இங்கே நெருப்போடு) எங்கும் உடன்வராதது எதுவோ அது உபாதி. பார்த்த இடங்களிலெல்லாம் கூடவே இருந்ததால் அது கண்ணில் படவே இல்லை. இடம் மாறியபோதுதான் அதன் இன்மை தெரிகிறது.

ஈரம் பட்டாசுத் தொழிலுக்கு வெறும் உதாரணம் அல்ல. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த வட்டாரம் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே ஊன்றின. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். வானம் பார்த்த கரிசல் நிலத்தில் விவசாயம் கைகொடுக்காத ஊருக்கு அது பிழைப்பானது. வெயில் இங்கே முதலீடு: குச்சியும் தாளும் மருந்தும் காய்வதற்குச் செலவில்லை. ஆனால் காய்ந்த ஊரில் செய்த பட்டாசு வெடிக்கும் காலம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை சென்னையையும் கடலூரையும் நனைத்துக்கொண்டிருக்கும் நேரம். சிவகாசி வெயிலில் பளீரென்று எரிந்த பூச்சட்டி, கடற்கரை ஊரின் மொட்டைமாடியில் நமத்துப்போய்ப் புஸ்ஸென்று அடங்கினால், மருந்தின் கூட்டில் தவறு என்று சொல்ல முடியாது. வறட்சி என்ற உபாதி பயணத்தில் கழன்றுவிட்டது, அவ்வளவுதான்.

அதே ஈரம் உற்பத்திக்கூடத்தில் இன்னும் கொடியது. ஒளிப் பட்டாசு மருந்தில் சேரும் அலுமினியப் பொடி, ஈரம் பட்டால் உப்புகளோடு வினைபுரிந்து மெல்லச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. ஆகவேதான் கலந்த மருந்தை இரவு தங்கவிடக் கூடாது, அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே செலுத்திவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. கலவை அறை தனியாக, மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி நிற்கும். தரையில் ரப்பர் விரிப்பு, உடலில் பருத்தித் துணி, கையில் இரும்பு படாத சாமான்கள். வெயில் ஏறும் முன்பே காலையில் சல்லடையில் போட்டுக் கலந்து முடித்துவிடுவது வழக்கம். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. இந்த விதிகள் எல்லாவற்றிலும் ஓர் ஒப்புதல் பொதிந்திருக்கிறது. நேற்று வெடிக்காமல் கலந்த கை இன்றும் அப்படியே கலக்கும் என்ற அனுமானத்தை விதிகள் நம்பவில்லை. தவறும் என்று வைத்துக்கொண்டு, தவறினால் சேதம் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்று மட்டுமே கணக்குப் போடுகின்றன. தவறுவதும் உண்டு: 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்து, தீபாவளிக்கான உற்பத்தி உச்சத்தில் இருந்த பருவத்தில் நடந்தது.

வெடியின் ஓசையைச் சோதிக்கும் முறை தர்க்க மாணவருக்கு நல்ல பாடம். 1999 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட வரம்பின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் (சி) அளவுக்கு மேல் ஓசை எழுப்பும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. எங்கே வைத்து அளப்பது என்பதையும் விதியே சொல்கிறது: குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளம், சுற்றிலும் 15 மீட்டர் வரை ஓசையை எதிரொலிக்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று அணுகுண்டு வெடிக்கும் தெருக்களில் 15 மீட்டருக்குச் சுவர் இல்லாத தெரு எது? இருபுறமும் வீடுகள், நடுவில் நிறுத்திவைத்த வாகனங்கள், மேலே பால்கனிகள். திறந்தவெளியில் வரம்புக்குள் அடங்கிய ஓசை சந்துக்குள் சுவருக்குச் சுவர் மோதி வேறு அளவாகிறது. விதியைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. எந்தத் தெருவும் இன்னொரு தெருவைப் போல இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுக் களம் வேண்டும் என்பதற்காகவே வெட்டவெளி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் அந்தச் சான்று பேசுவது வெட்டவெளியைப் பற்றி மட்டுமே. தெருவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. வாங்குகிறவர்தான் அது தெருவைப் பற்றியும் பேசியதாகக் கேட்டுக்கொள்கிறார்.

பக்கதருமதையில் வரும் சிக்கலுக்குப் பசுமைப் பட்டாசு சான்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கத் தடைவிதித்தது. பச்சை நிற ஒளி தருவதால் தொழிலாளர் பேச்சில் அது பச்சை உப்பு. சரவெடியும் அன்றே தடைக்குள் வந்தது. 2019இல் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய மாற்றுக் கலவைகள் பசுமைப் பட்டாசு என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. சோதனைக்குப் போன மாதிரியில் பேரியம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் கடைக்குப் போன பெட்டியிலும் பேரியம் இல்லை என்று சொல்வதற்கு, இரண்டும் ஒரே கூட்டில் செய்தவை என்ற நம்பிக்கை தவிர வேறு பாலம் இல்லை. 2021இல் சிபிஐயின் முதற்கட்ட விசாரணை அறிக்கை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, தடைசெய்யப்பட்ட உப்பு பயன்பாட்டில் இருந்ததும், பெட்டியின் மேல் எழுதியதும் உள்ளே இருந்ததும் சில இடங்களில் பொருந்தாததும் வெளிப்பட்டன. இங்கே வியாத்தியில் ஓட்டை இல்லை: பேரியம் இல்லாத கூட்டில் பேரியப் புகை வராது என்பது அசைக்க முடியாத உண்மை. மலையில் இருப்பது புகைதானா என்ற முதல் படியில்தான் அனுமானம் சறுக்கியது. வெடிபொருள் உரிமம் தரும் பெசோவின் தலைமையகமும் நீரியின் தலைமையகமும் நாக்பூரில்தான் இருக்கின்றன. நாக்பூர் உரிமம் என்பது சிவகாசியில் அன்றாட வழக்கு. எண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கொட்டகைக்குள் என்ன கலக்கிறார்கள் என்று அறிவது எப்படி என்ற கேள்வியை அந்தச் சொல்லே சுமந்து நிற்கிறது.

மென்பொருளில் இந்த முதல் படி கிட்டத்தட்டத் தீர்ந்துபோன விஷயம். டெவலப்பரின் லேப்டாப்பில் கட்டிய கோப்பும் சர்வருக்குப் போன கோப்பும் ஒன்றுதானா என்று அவற்றின் ஹேஷ் குறியீட்டை ஒப்பிட்டு ஒரு நொடியில் சொல்லிவிடலாம். வெடித்துப் பார்த்த பிறகும் விற்கக்கூடிய பட்டாசு இது. ஆனால் அந்த வசதியை எல்லாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றிவிட்டு வர்த்தகத்தைத் தொடங்கியது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் கரைத்தது. இது பக்கதருமதைப் பிழை, ஒப்புநோக்கினால் தடுத்திருக்கலாம். மென்பொருளின் உண்மையான நோவு வேறிடத்தில் இருக்கிறது.

சிவகாசிக் கடை ஒன்றின் விலைப்பட்டியல் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்றும் 2018 தீர்ப்பு சொல்லியிருப்பதால், இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் எஸ்டிமேட் என்ற பெயரில் நிற்கின்றன: வாடிக்கையாளர் எத்தனை பெட்டி என்று நிரப்பினால் தொகை கூட்டிக் காட்டும், பிறகு பேச்சு போனில். செய்வது எளிய வேலை. விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்களைக் காணோம். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, நிரலில் சின்ன எழுத்து. விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். அடுத்த சோதனை தமிழ். லேப்டாப்பில் “தரைச்சக்கரம்” என்று தெரிந்தது சர்வரில் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கிறது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால், லத்தீன் எழுத்துத் தொகுதியையே இயல்பாக வைத்துக்கொண்டது. தமிழ் எழுத்துக்கு அதில் இடம் கிடையாது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எழுத்துத் தொகுதி பொருந்தியிருக்க வேண்டும் என்ற ஈர விறகு லேப்டாப்பில் யாரும் கேட்காமலே இருந்தது, சர்வரில் இல்லை. ஆங்கில விலைப்பட்டியல் போடுகிற கடைக்காரருக்கு இந்தப் பிழை தெரியவே வராது; தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தத்துவப் பயிற்சி அது.

இவை தெரிந்தவுடன் திருத்தக்கூடிய சில்லறை உபாதிகள். கூட்டம் என்ற உபாதி சில்லறை அல்ல. ஆடி மாதத்தில் தளத்தைச் சோதிக்கும்போது அதைப் பார்ப்பவர் இரண்டு பேர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வருகிற கூட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கி லோடு பார்க்கலாம்தான். ஆனால் ஒரே வடிவமைப்பாளர் தன் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் வைத்திருந்தால், அங்கே குடியிருக்கும் பக்கத்துத் தளங்களும் பட்டாசுத் தளங்களாகவே இருக்கும். பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங் மலிவாக இருப்பதற்குக் காரணம், எல்லாத் தளத்துக்கும் ஒரே நேரத்தில் கூட்டம் வராது என்ற கணக்கு. ஒரே தொழில் நடக்கும் ஊரில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகச் சோதித்துத் தேர்ச்சி தந்திருந்தாலும், சேர்ந்து நிற்கும்போது எல்லாம் ஒன்றாகச் சாயும்.

உபாதியைக் காணாமல் விட்டதற்கு உலகறிந்த சாட்சி ஏரியான் 5. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய அந்த ராக்கெட் நாற்பது விநாடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் திசையறி கருவியில் இருந்த மென்பொருள் ஏரியான் 4இல் பலமுறை பறந்து பழகியது. புதிய ராக்கெட்டின் பாதையில் கிடைமட்ட வேகம் பழையதைவிட விரைவாக ஏறியதால், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் பிதுங்கியது. கருவி நின்றது. அந்த நிலைக்கென்றே மாற்றுக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதிலும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், வழுவிய அந்தக் கணக்குக்கு ஏரியான் 5 கிளம்பிய பிறகு வேலையே இல்லை. பழைய ராக்கெட்டின் தேவைக்காக எழுதியதை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். விசாரணைக் குழு கண்டறிந்தது இதுதான்: புதிய ராக்கெட்டின் பாதை விவரங்களைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதிக்கவே இல்லை. பொருள் துளியும் மாறவில்லை என்பது இங்கே பாதுகாப்பு ஆகவில்லை, கேடாக முடிந்தது.

இதிலிருந்து ஒரு தத்துவக் கேள்வி கிளைக்கிறது. தங்கும் இடத்துக்கு இடம் வேறுவேறாக நடந்துகொள்ளும் பொருளுக்குத் தனக்கென்று ஓர் இயல்பு உண்டா? சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும்போது சார்ந்ததன் வண்ணமாதல் என்ற கோட்பாட்டை வைக்கிறது. மலத்தைச் சார்ந்தால் மலமாய், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய் விளங்குவது உயிரின் தன்மை. ஆனாலும் உயிர் என்று ஒன்று உண்டு, சார்பு மாறும்போது அது அழிந்து வேறொன்று பிறப்பதில்லை. மணிமேகலையின் 30ஆம் காதை சொல்லும் பௌத்தம் அதற்கு எதிர்த்திசை: பன்னிரு நிதானங்களின் சார்பில் தோன்றுவதைத் தவிர, அடியில் தனியே நிற்கும் ஆன்மா எதுவும் இல்லை. மென்பொருள் உலகம் அறியாமலே இந்த இரு பக்கங்களிலும் நிற்கிறது. நிரல் ஒன்று, அமைப்பு விவரங்கள் வேறு. கடவுச்சொல், டேட்டாபேஸ் முகவரி முதலியவற்றைச் சூழலில் வைத்துவிட்டு நிரலை எங்கும் மாறாமல் நிறுத்த வேண்டும் என்று 2011 வாக்கில் ஹெரோகு நிறுவனத்தார் வகுத்த நெறிகள் சித்தாந்தப் பக்கம் சாய்பவை. (அந்த நெறிகளும் பன்னிரண்டு என்பது தற்செயல்.) 2013இல் வெளிவந்த டாக்கரின் எண்ணம் மற்றது: சார்பு இல்லாமல் நிரல் என்று ஒன்று இல்லை என்றால் சார்பையும் கட்டிச் சுருட்டி ஒரே மூட்டையாக அனுப்பிவிடலாம். மூட்டைக்குள் எல்லாம் அடங்குவதில்லை. கன்டெய்னர் தான் ஏறி நிற்கும் இயந்திரத்தின் கெர்னலைப் பகிர்ந்துகொள்கிறது. தீபாவளிக் கூட்டத்தையும், நெட்வொர்க் நெரிசலையும், அக்கம்பக்கத்துத் தளங்களையும் யாராலும் மூட்டை கட்ட முடியாது. எவ்வளவு சார்பை உள்ளே இழுத்தாலும் வெளியே ஒரு சார்பு மிஞ்சுகிறது என்ற அளவில் பௌத்தர் சொன்னதுதான் களத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

மிஞ்சும் உபாதிகளை எல்லாம் தேடி முடித்துவிட்டோம் என்று ஒருவர் எப்போதாவது சொல்ல முடியுமா? முடியாது என்பது சார்வாகர் வாதம். கண்ட இடங்களில் உபாதி இல்லை என்று சொல்லலாம். காணாத இடத்தில், வரப்போகும் காலத்தில் இல்லை என்று எந்தக் கண்ணால் பார்ப்பது? ஆகவே வியாத்தியை நிறுவ வழியே இல்லை, அனுமானம் அளவையே அல்ல. பத்தாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் இதற்கு மறுமொழி தந்தார். வேறிடம், வேறு காலம் என்று சொல்லி ஐயப்படுகிறவரே அவற்றை அனுமானத்தால்தான் அறிந்திருக்கிறார். அன்றியும், தன் சொந்தச் செயலோடு முரண்படும்போது ஐயம் நின்றுவிடுகிறது: புகைக்கு நெருப்பு காரணமா என்று வாயால் ஐயப்படுகிறவரும் புகை வேண்டுமானால் நெருப்பைத்தான் மூட்டுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர் உதயனரின் செய்யுளையே திருப்பிப்போட்டுக் கேலிசெய்தார். முரண்பாடு இருக்கிறது என்றால் ஐயமும் இருக்கிறது என்றுதானே பொருள்? ஐயத்தால் பிறந்த முரண்பாடு எப்படி ஐயத்துக்கு எல்லையாகும்? தர்க்கமாக எடைபோட்டால் ஸ்ரீஹர்ஷர் கை ஓங்கியதாகவே தோன்றுகிறது. ஆனால் தளத்தை என்றாவது ஒருநாள் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றுகிற அந்த நாளில் எல்லாரும் உதயனர் கட்சிக்கு வந்துவிடுகிறார்கள்.

ஐயத்தோடேயே செயலில் இறங்குவது எப்படி என்பதற்கும் இரண்டு மரபு விடை உண்டு. குமாரிலரைப் பின்பற்றும் மீமாம்சகர் அறிவு தன்னளவிலேயே பிரமாணம் என்பார்கள். பிழை என்று காட்டும் இன்னோர் அறிவு வரும்வரை அதை நம்பி நடக்கலாம். இது சுவதப் பிராமாண்யம். நியாய நூலார் அதை ஏற்பதில்லை. தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தான் என்பது குடித்துத் தாகம் தீர்ந்தபோது உறுதியாகிறது; பயன்தரும் செயலே பிரமாணத்துக்குச் சான்று. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தை இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறார். கவனமாக நடக்கும் மென்பொருள் நிறுவனங்கள் இன்று செய்வது இந்த இரண்டையும் கலந்தது. புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஒரு பங்கு வாடிக்கையாளருக்கு மட்டும் திறந்துவிட்டு, பிழைப் பதிவுகளைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகலத் திறக்கிறார்கள். தவறு தெரிந்தால் ரோல்பேக்: பழைய பதிப்பு சில நிமிடத்தில் திரும்ப வந்து உட்காரும். சோதனைக்கூடமும் களமும் வேறு என்ற சிக்கலை, களத்தின் ஒரு மூலையையே சோதனைக்கூடமாக்கித் தாண்டுகிற உபாயம் இது. வாத்ஸ்யாயனர் இதைக் குறைசொல்ல மாட்டார்.

அந்த உபாயம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: தவறு திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டாசுக்கு ரோல்பேக் கிடையாது. நூற்றில் ஒரு பெட்டியை முதலில் மக்களிடம் கொடுத்துக் கை கருகுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை அனுப்பலாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மருந்து உலர்த்தும் களத்தில் தவறு நேர்ந்த பிறகு கிடைக்கும் அறிவு, அதைப் பயன்படுத்த ஆள் இல்லாத அறிவு. செயலின் பயனால் உண்மையை அறிவது என்ற நியாயக் கொள்கை, செயலே அறிபவரை அழித்துவிடும் இடத்தில் பயன்படாது என்பதை நூல்கள் பேசியிருக்க வேண்டும். தண்ணீரும் தாகமும் தந்த உதாரணத்தின் மென்மையில் அது விடுபட்டுவிட்டது. விட்டு விட்டு நிற்கும் அறைகள், மருந்து அளவுக்கு உச்சவரம்பு, ஆள் கணக்கு ஆகியவை எல்லாம் அந்த விடுபட்ட இடத்தை நிரப்ப வந்தவை. இவற்றைச் சிவப்பு நாடா என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உள்குத்தகைக்கு விட்டு ஓர் அறையில் கூடுதல் ஆட்களை உட்காரவைக்கும்போது, நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்ற அனுமானத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். காணாத உபாதியின் மேல் கட்டிய வியாத்திக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அனுமானமும் செயலும் எட்டாத இடத்தில் எஞ்சும் அளவை சப்தம், அதாவது ஆப்தர் எனப்படும் நம்பத்தக்கவர் சொல். தொலைவூரில் பட்டாசு வாங்குகிறவர் வெட்டவெளி அளவீட்டைப் பார்க்கவில்லை, கலவையைச் சோதிக்கவில்லை. பெட்டியின் மேல் இருக்கும் பசுமைப் பட்டாசுச் சின்னத்தையும் கியூஆர் குறியையும் பார்த்து வாங்குகிறார். ஆப்தர் என்றால் உள்ளபடி அறிந்தவர், அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறவர் என்று வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதி சொல்கிறார். சோதனைக்கூடத்துக்கு முதல் தகுதி உண்டு. பெட்டியில் சீட்டு ஒட்டும் கைக்கு இரண்டாவதும் வேண்டும். தீபாவளி நெருங்கும்போது முளைக்கும் போலிப் பட்டாசு இணையதளங்கள், அசல் கடையின் படங்களையும் விலையையும் அப்படியே பெயர்த்துப் போட்டு முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகின்றன. பெயர்த்தெடுத்த பக்கம் அசலைப் போலவே இயங்குகிறது. எத்தனை முறை சோதித்தாலும் தேறும். சொல்கிறவர் யார் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது.

இடத்தைப் பற்றிய ஐயம் கடைசியில் வாங்குகிறவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. திறந்தவெளியில் வைத்துக் கொளுத்தவும், கையில் பிடித்து வெடிக்கக் கூடாது, ஈரம் படாமல் வைக்கவும் என்று பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்த மென்பொருள் ஓட இன்ன பதிப்பு லினக்ஸ், இவ்வளவு நினைவகம், இன்ன எழுத்துத் தொகுதி வேண்டும் என்று நிரலோடு வரும் குறிப்பும் அதே வகையைச் சேர்ந்தது. சோதனை நடந்த இடத்தின் உபாதிகளில் தெரிந்தவற்றை எழுதிக் கொடுத்து, போகிற இடத்தில் அவற்றை உண்டாக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். தெரியாத உபாதிகளுக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை.